கேட்டவுடன் வரும் புத்தகம்

ஒரு காலத்தில் பத்திரிகைகளின் கடைசிப் பக்கங்களில் இப்படி ஒரு விளம்பரம் வரும்: "விலைப்பட்டியல் இலவசம். சுயமுகவரியிட்டு, தபால்தலை ஒட்டிய உறையுடன் எழுதுக." ஓர் உறையின் மீது நம் முகவரியை நாமே எழுதி, அதை மடித்து வேறோர் உறைக்குள் வைத்து அனுப்புவோம். பத்துப் பதினைந்து நாள் கழித்து, நம் கையெழுத்தைத் தாங்கிய உறை நம் வீட்டுக்கே திரும்பி வரும். பட்டியல் அனுப்பியவருக்கு முகவரி எழுதும் வேலை இல்லை. தபால் செலவும் இல்லை. அவர் செய்ய வேண்டியது உறைக்குள் தாளை வைத்து ஒட்டுவது மட்டும்தான்.

இன்று அந்த வேலை வேறு உருவில் நடக்கிறது. ஓர் அறிவியல் மன்றத்தின் இணையதளத்தைத் திறக்கிறீர்கள். "எங்கள் மாத மடலில் சேருங்கள், எளிய சோதனைகள் நூல் இலவசம்" என்று ஓர் அறிவிப்பு, கீழே ஒரு சிறு கட்டம். உங்கள் மின்னஞ்சல் முகவரியை அதில் எழுதிப் பொத்தானை அழுத்துகிறீர்கள். ஒரு நிமிடத்துக்குள் கடிதம் வருகிறது. அதன் வழியாகப் புத்தகம் கைபேசிக்குள் இறங்கிவிடுகிறது. இரவு 2 மணிக்குக் கேட்டாலும் வரும். அங்கே யாரும் விழித்திருக்கவில்லை. உறைக்குள் தாளை வைத்து ஒட்டுபவர் இப்போது ஒரு நிரல்.

அந்த நிரலுக்குக் கண் கிடையாது என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்பவர் யார், மாணவரா, ஆசிரியரா, விளையாட்டுக்கு வேறொருவர் முகவரியை எழுதும் குறும்புக்காரரா என்பது அதற்குத் தெரியாது. அது காண்பதெல்லாம் சில எழுத்துகளும் எண்களும் மட்டுமே. கண்ணில்லாத ஒன்று சரியான ஆளிடம் சரியான பொருளைச் சேர்ப்பது எப்படி? இதற்கான விடையை ஒரேயடியாக யாரும் கண்டுபிடித்துவிடவில்லை. தவறு நேர நேர, ஒவ்வொரு படியாகச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள்.

இயற்பியலர் செய்த தபால்காரர்

தானாகக் கோப்பு அனுப்பும் யோசனை வணிகர்களிடமிருந்து வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது அறிவியலாளரின் தேவையில் பிறந்தது. 1985-ல் அமெரிக்காவில், ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஜாக் டொங்காராவும் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த எரிக் கிராஸும் 'நெட்லிப்' என்ற ஏற்பாட்டைத் தொடங்கினர். சமன்பாடுகளைத் தீர்க்கும் கணித நிரல்கள் வேண்டுமா? அந்த முகவரிக்கு "பட்டியல் அனுப்பு" என்ற பொருளில் ஒரு சிறு வரியை மின்னஞ்சலில் எழுதினால் போதும். கணிப்பொறியே கடிதத்தைப் படித்து, பட்டியலைத் திருப்பி அனுப்பும். பட்டியலில் உள்ள நிரலின் பெயரை எழுதினால் நிரலே வந்து சேரும். காசு கிடையாது, நடுவில் மனிதரும் கிடையாது.

அடுத்த படி இன்னும் சுவையானது. 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இழைக் கோட்பாட்டில் ஆராய்ச்சி செய்தவர்கள் தங்கள் புதிய கட்டுரைகளை மின்னஞ்சலிலேயே பரிமாறிக்கொண்டார்கள். ஜோயன் கோன் என்ற இளம் இயற்பியலர் அவற்றைத் திரட்டி, கேட்டவர்க்கெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தார். பட்டியல் நீண்டது, கட்டுரைகளும் பெருகின. அக்காலக் கணிப்பொறிகளில் ஒவ்வொருவருக்கும் ஒதுக்கப்பட்ட இடம் மிகக் குறைவு. வெளியூர்ப் பயணத்தில் இருக்கும்போது கட்டுரைகள் வந்து குவிந்து தமக்குரிய இடம் நிரம்பிவிடுமே என்று ஓர் இயற்பியலர் கவலைப்பட்டார். அந்தக் கவலை பால் கின்ஸ்பார்க் என்பவரின் காதில் விழுந்தது.

1991 ஆகஸ்டில், லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் கின்ஸ்பார்க் ஒரு தானியங்கி ஏற்பாட்டை இயக்கிவிட்டார். உறுப்பினராகச் சேர்ந்தவருக்குப் புதிய கட்டுரைகளின் தலைப்பும் சுருக்கமும் மட்டும் போகும். முழுக் கட்டுரை வேண்டுமானால் அதன் எண்ணைக் குறித்து ஒரு கடிதம் எழுத வேண்டும். உடனே கட்டுரை வரும். ஆண்டுக்குச் சுமார் 100 கட்டுரைகள் வரக்கூடும் என்று அவர் எண்ணினார். அதுவே 'ஆர்க்கைவ்' என்று இன்று உலகெங்கும் இயற்பியலர் பயன்படுத்தும் களஞ்சியமாயிற்று. 2001-ல் கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு இடம் மாறிய அதில் இப்போது 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன.

அறிவிப்பை எல்லாருக்கும் அனுப்பு; பொருளைக் கேட்டவருக்கு மட்டும் கொடு. கின்ஸ்பார்க் வகுத்த இந்தப் பிரிவினைதான் இன்றைய இலவச நூல் வழங்கலுக்கும் அடிப்படை. புத்தகத்தைக் கடிதத்தோடு இணைத்தே அனுப்பினால் என்ன குறை என்று நீங்கள் கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மூன்று நான்காகும் கதை

மின்னஞ்சல் முதலில் எழுத்துகளுக்காக மட்டும் அமைக்கப்பட்டது. 1982-ல் ஜான் போஸ்டல் வகுத்த எஸ்.எம்.டி.பி. என்னும் அஞ்சல் விதிமுறையில், ஓர் எழுத்துக்கு 7 பிட்டுகளே. படமும் பி.டி.எஃப். கோப்பும் 8 பிட்டு கொண்ட பைட்டுகளால் ஆனவை. அவற்றை அப்படியே அனுப்பினால் வழியில் சிதைந்துபோகும். 1992-ல் நதானியல் போரன்ஸ்டைன், நெட் ஃப்ரீட் ஆகியோர் வகுத்த 'மைம்' முறை இதற்கு வழி செய்தது. மூன்று பைட்டுகளை எடுத்துக்கொள். மொத்தம் 24 பிட்டு. அவற்றை ஆறு ஆறாக வெட்டு; நான்கு துண்டுகள் கிடைக்கும். ஆறு பிட்டுக்கு 64 வகைகள்தாம் உண்டு. ஒவ்வொரு வகைக்கும் ஒரு சாதாரண எழுத்தைக் கொடுத்துவிடு.

எடுத்துக்காட்டாக, 84, 97, 109 என்ற மூன்று பைட்டுகள்:

01010100 01100001 01101101

ஆறு ஆறாக வெட்டினால்:

010101 000110 000101 101101

அதாவது 21, 6, 5, 45. பட்டியலில் 0 முதல் 25 வரை ஆங்கிலப் பெரிய எழுத்துகள், 26 முதல் 51 வரை சிறிய எழுத்துகள், 52 முதல் 61 வரை இலக்கங்கள், கடைசி இரண்டும் குறிகள். எனவே 21 என்பது 22-ஆம் பெரிய எழுத்தான 'வி'. 45 என்பது 20-ஆம் சிறிய எழுத்தான 'டி'. 6, 5 இரண்டுக்கும் உரிய எழுத்துகளை நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

கோப்பு இப்போது பத்திரமாகப் போய்ச் சேரும். ஆனால் மூன்று பைட்டு நான்கு எழுத்தாகிவிட்டது. அளவில் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். 12 மெகாபைட் நூல் கடிதத்தில் 16 மெகாபைட் ஆகும். 2,000 பேருக்கு அனுப்பினால் 32 ஜிகாபைட். அவர்களில் எத்தனை பேர் திறந்து பார்ப்பார்கள்? 20 மெகாபைட் நூலாக இருந்தால் 27 மெகாபைட்டாகப் பருத்து, ஜிமெயில் போன்ற சேவைகள் விதித்திருக்கும் 25 மெகாபைட் வரம்பைத் தாண்டி, போகாமலே நின்றுவிடும். இதற்கு மாறாக, லிங்க் என்று நாம் சொல்லும் சுட்டியை மட்டும் ஏந்திய கடிதம் 3 கிலோபைட் அளவுதான். 2,000 கடிதமும் சேர்ந்து 6 மெகாபைட். நூல் சர்வரிலேயே ஒரே படியாக இருக்கும். வேண்டியவர் சுட்டியைத் தொட்டு 12 மெகாபைட்டை அப்படியே இறக்கிக்கொள்வார். அச்சுப்பிழை கண்டால் அந்த ஒரு படியைத் திருத்தினால் போதும். இந்த வசதியை எங்கள் துறை ஒருமுறைக்கு மேல் அனுபவித்திருக்கிறது.

எண்களால் பேசிக்கொள்ளும் கணிப்பொறிகள்

நீங்கள் பொத்தானை அழுத்தியதும் உங்கள் முகவரி இணையதளத்தின் சர்வருக்குப் போகிறது. அங்கே உள்ள நிரல் முகவரியை ஒரு பட்டியலில் பதிந்துகொண்டு, ஒரு கடிதத்தைத் தயாரிக்கிறது. அடுத்து, அதை எங்கே அனுப்புவது என்ற கேள்வி. 1971-ல் ரே டாம்லின்சன், கணிப்பொறிகளுக்கிடையே முதன்முதல் மின்னஞ்சல் அனுப்பியபோது, ஆளின் பெயரையும் கணிப்பொறியின் பெயரையும் பிரிக்க '@' குறியைத் தேர்ந்தெடுத்தார். அந்தக் குறிக்குப் பின்னால் வருவதுதான் ஊர். முன்னால் இருப்பது வீட்டுக்காரர் பெயர். ஊருக்கு உரிய அஞ்சல் கணிப்பொறி எது என்று சொல்லும் பெரிய விவரத்திரட்டு ஒன்று இணையத்தில் உண்டு. டி.என்.எஸ். எனப்படும் அதனை 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்தார்.

வழி தெரிந்தபின், அனுப்பும் கணிப்பொறியும் பெறும் கணிப்பொறியும் பேசத் தொடங்குகின்றன. அந்த உரையாடலைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

பெறுவது: 220. தயார்.
அனுப்புவது: வணக்கம். நான் இன்ன கணிப்பொறி.
பெறுவது: 250. சரி.
அனுப்புவது: இன்னாரிடமிருந்து கடிதம்.
பெறுவது: 250. சரி.
அனுப்புவது: இன்னாருக்கு.
பெறுவது: 250. சரி.
அனுப்புவது: கடிதத்தைச் சொல்லலாமா?
பெறுவது: 354. சொல். முடிந்ததும் தனி வரியில் ஒரு புள்ளி வை.

கடிதம் போகிறது. கடைசியில் தனி வரியில் ஒரு புள்ளி. மீண்டும் 250. முடிந்தது. (கடிதத்துக்குள்ளேயே தனிப்புள்ளி வரி ஒன்று இருந்துவிட்டால் பாதியிலேயே முடிந்துவிடாதா? புள்ளியில் தொடங்கும் வரிக்கெல்லாம் அனுப்புவது முன்னால் இன்னொரு புள்ளியைச் சேர்த்துவிடும். பெறுவது அதை நீக்கிக்கொள்ளும். எளிய தந்திரம்.)

இந்த எண்களில் முதல் இலக்கம்தான் முக்கியம். 2 என்றால் நடந்தது. 3 என்றால் மேலே சொல். 4 என்றால் இப்போது முடியாது, பிறகு வா. 5 என்றால் முடியவே முடியாது. 550 என்பது பெரும்பாலும் அப்படியொரு பெட்டியே இங்கு இல்லை என்று பொருள். 4 கிடைத்தால் அரைமணி நேரமாவது காத்திருந்து மறுபடி முயலவேண்டும். நான்கைந்து நாள் வரை முயலலாம் என்பது விதிமுறையின் பரிந்துரை. கேட்ட புத்தகம் சில வேளை மறுநாள் வருவதற்கு இது ஒரு காரணம். 5 கிடைத்தால் நிறுத்திவிட வேண்டும்.

கடைசியில் வரும் 250-க்குப் பொருள் "இனி இக்கடிதம் என் பொறுப்பு" என்பது மட்டுமே. பெட்டியில் விழுந்ததா, வேண்டாத கடிதக் குப்பையில் விழுந்ததா, உரியவர் படித்தாரா என்பது எதுவும் அதில் இல்லை.

யார் கேட்டது?

எங்கள் துறையில் பள்ளி மாணவருக்காக மாத மடல் ஒன்று தொடங்கி, சேர்ந்தவருக்குச் செய்முறைக் குறிப்பு நூல் ஒன்றைத் தானாக அனுப்ப ஏற்பாடு செய்தோம். முகவரி வந்தவுடன் நூல் போகும், அவ்வளவுதான். வெகு எளிது என்று மகிழ்ந்தோம். மூன்றாம் வாரத்தில் முன்பின் தெரியாத பெரியவர் ஒருவர் எழுதினார். "நான் எதையும் கேட்கவில்லை. தயவுசெய்து அனுப்பாதீர்கள்." யாரோ ஒரு மாணவர் தம் முகவரியில் ஓர் எழுத்தை விட்டுவிட்டார், அது அந்தப் பெரியவரின் முகவரியாக அமைந்துவிட்டது. எங்கள் நிரலில் விலகுவதற்கு வழி வைக்கவில்லை. அடுத்த மடலும் அவருக்குப் போயிற்று. அவர் எங்கள் கடிதத்தை 'ஸ்பாம்' என்று குறித்துவிட்டார். அவர்மேல் குற்றமில்லை.

இத்தகைய குறிகளை அஞ்சல் சேவைகள் எண்ணிக்கொண்டே இருக்கின்றன. பெருமளவில் கடிதங்கள் அனுப்புவோருக்குக் கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரியிலிருந்து கண்டிப்பான விதிகளை வகுத்தன. புகார் விகிதம் 0.3 சதவீதத்தை எட்டக்கூடாது என்பது அவற்றுள் ஒன்று. ஆயிரம் கடிதத்தில் மூன்று புகார்! அதை எட்டினால் விரும்பிக் கேட்டவருக்குப் போகும் கடிதமும் குப்பைக்குப் போகத் தொடங்கும்.

குறும்புக்காரரையும் கணக்கில் எடுங்கள். ஒருவர் தமக்குப் பிடிக்காதவரின் முகவரியை நூற்றுக்கணக்கான தளங்களில் எழுதிவைத்தால், அத்தனை தளங்களும் "நல்வரவு" என்று சொல்லிக்கொண்டு அந்த ஒரே பெட்டியை மூழ்கடிக்கும். பழைய சுயமுகவரி உறையில் இந்த ஆபத்து பெரிதாக இல்லை. ஒவ்வொரு உறைக்கும் தபால்தலை வாங்க வேண்டியிருந்தது அல்லவா?

இதற்கு மாற்றுத்தான் இருமுறை ஒப்புதல். முகவரி வந்தவுடன் நிரல் நூலை அனுப்புவதில்லை. "நீங்கள்தான் கேட்டீர்களா? ஆம் என்றால் இதைத் தொடுங்கள்" என்று ஒரு சிறு கடிதம் மட்டும் அனுப்புகிறது. அதிலுள்ள சுட்டியின் வாலில் நீண்ட எண் ஒன்று இருக்கும். பட்டியலிலும் முகவரிக்கு நேரே அதே எண் எழுதப்பட்டு, 'காத்திருப்பு' என்ற குறியும் இடப்படும். சுட்டியைத் தொட்டால் எண் சர்வருக்குத் திரும்பி வரும்; ஒப்பிட்டு, 'காத்திருப்பு' என்பதை 'உறுதி' என்று மாற்றி, நூலுக்கான கடிதத்தை அனுப்பும். இரண்டு நாளில் எண் திரும்பி வராவிட்டால் அந்த வரியையே அழித்துவிடலாம். கேட்காத ஒருவருக்கு ஒரே ஒரு கடிதத்தோடு தொல்லை முடிந்துவிடும்.

அந்த எண்ணை ஊகித்து எழுதிவிட முடியாதா? 128 பிட்டு கொண்ட சமவாய்ப்பு எண் என்று வைத்துக்கொள்வோம். மொத்த வாய்ப்புகள் 2-இன் அடுக்கு 128. அதாவது ஏறத்தாழ 3.4 × 10³⁸. நொடிக்கு நூறு கோடி எண்களைச் சோதிக்கும் ஒரு கணிப்பொறி எல்லாவற்றையும் சோதித்து முடிக்க 3.4 × 10²⁹ நொடி ஆகும். ஆண்டுக்கு 3.15 × 10⁷ நொடி. வகுத்துப் பார்த்தால் 10²² ஆண்டுகளுக்கு மேல். பேரண்டத்தின் வயதே 1.38 × 10¹⁰ ஆண்டுதான்.

இந்த எண் உண்மையிலேயே முன்கூட்டிச் சொல்ல முடியாததாக இருக்கவேண்டும். மணி, தேதியைக் கொண்டு செய்த எண்ணை ஊகிப்பது எளிது. இங்கே என் பாடம் குறுக்கிடுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். எந்த மின்தடையிலும் எலெக்ட்ரான்களின் வெப்ப இயக்கத்தால் ஒரு நுண்ணிய மின்னழுத்த அலைவு எப்போதும் இருந்துகொண்டே இருக்கும். 1928-ல் பெல் ஆய்வுக்கூடத்தின் ஜான் ஜான்சன் அதன் அளவீடுகளை வெளியிட்டார். வானொலிப் பொறியாளர்களுக்கு அது தீராத தொல்லை. இன்றைய செயலிச் சில்லுகள் பலவற்றில் அந்த இரைச்சலையே வேண்டுமென்று பெருக்கி, சமவாய்ப்பு எண்களை விதைக்கப் பயன்படுத்தும் சுற்றுகள் உள்ளன. புத்தகம் கேட்டவருக்கு வரும் எண்ணின் மூலத்தில் இப்படி எலெக்ட்ரான்களின் துள்ளலும் இருக்கக்கூடும்.

பொய் சொல்லாத மாணவி

ஒப்புதல் முறை வந்தபின் எங்கள் தொல்லை தீர்ந்தது என்று எண்ணினோம். இன்னொரு நுட்பத்தையும் சேர்த்தோம். நூலின் சுட்டியை ஒரே ஒருமுறைதான் பயன்படுத்தலாம் என்று வைத்தோம். சுட்டி ஊரெல்லாம் சுற்றினால் சர்வர் தாங்காதே என்ற பயம்.

பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதினாள். அவளுக்கென்று மின்னஞ்சல் இல்லை. சித்தப்பாவின் அலுவலக முகவரியைக் கொடுத்திருந்தாள். சித்தப்பாவும் கேட்டவுடன் ஒப்புதல் தந்துவிட்டார். மாலையில் அவர் வீட்டுக்கு வந்தபின் சுட்டியைத் தொட்டால், "நூலை ஏற்கெனவே பெற்றுவிட்டீர்கள்" என்று வருகிறது. நாங்களும் பதிவேட்டைப் பார்த்து, "நூல் எடுக்கப்பட்டிருக்கிறதே" என்று பதில் எழுதிவிட்டோம். மறுநாள் வந்த கடிதம் என்னை உறுத்தியது. "சார், நான் ஒரு தடவைகூடப் புத்தகத்தை எடுக்கவில்லை. சித்தப்பாவும் எடுக்கவில்லை. நாங்கள் பொய் சொல்லவில்லை."

பதிவேட்டை மறுபடி எடுத்து நேரங்களை வரிசையாக எழுதினேன். நூல் கடிதத்தைச் சித்தப்பாவின் அலுவலகக் கணிப்பொறி ஏற்றுக்கொண்டது காலை 10 மணி 14 நிமிடம் 7 நொடி. நூல் எடுக்கப்பட்டது 10 மணி 14 நிமிடம் 9 நொடி. இடையே 2 நொடி. கடிதம் வந்ததைக் கண்டு, திறந்து, படித்து, சுட்டியைத் தொட எந்த மனிதருக்கும் 2 நொடி போதாது. அந்த நேரத்தில் அவள் வகுப்பில் இருந்திருப்பாள்.

எடுத்தது இன்னொரு நிரல். பல அலுவலகங்களில், வரும் கடிதங்களில் உள்ள சுட்டிகளை முதலில் ஒரு பாதுகாப்பு நிரல் திறந்து பார்க்கும். அதன் பின்னால் ஏதேனும் தீங்கு ஒளிந்திருக்கிறதா என்று சோதித்த பிறகே கடிதத்தை உள்ளே விடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் எங்கள் நிரலுக்கு அந்தச் சோதனைக்கும் மாணவியின் விரலுக்கும் வேறுபாடு தெரியவில்லை. கண்ணில்லாத ஒன்று கண்ணில்லாத இன்னொன்றுக்குப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, பதிவேட்டில் மாணவியின் பெயரில் கையெழுத்துப் போட்டுவிட்டது. அதை நம்பி நானும் அவளைச் சந்தேகித்தேன்.

அன்றே மன்னிப்புக் கேட்டு நூலை நேரே அனுப்பினேன். பிறகு இரண்டு மாற்றங்கள் செய்தோம். சுட்டியைத் திறந்தால் உடனே எதுவும் நிகழாது. ஒரு பக்கம் வரும், அதில் ஒரு பொத்தான் இருக்கும், அதை அழுத்தினால்தான் நூல் இறங்கும். சோதனை நிரல்கள் பக்கத்தைத் திறக்கும். பொத்தானைப் பொதுவாக அழுத்துவதில்லை. ஒப்புதல் கடிதத்துக்கும் இதையே செய்தோம். இல்லாவிட்டால் சோதனை நிரலே "ஆம், நான்தான் கேட்டேன்" என்று ஒப்புதல் தந்துவிடும். இரண்டாவதாக, ஒருமுறை என்ற கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, ஏழு நாள் என்று காலவரம்பு வைத்தோம்.

காலவரம்பு உள்ள சுட்டியைச் செய்வதிலும் ஒரு நல்ல கணக்கு உண்டு. நூல் எண் 12, கடைசி நாள் 9-ஆம் தேதி. இவற்றைச் சுட்டியில் வெளிப்படையாகவே எழுதலாம். கூடவே ஒரு சரிபார்ப்பு எண் வேண்டும். சர்வரிடம் 37, 53 என்ற இரண்டு இரகசிய எண்கள் இருப்பதாகக் கொள்வோம். 12 × 37 + 9 × 53 = 921. இதை 97-ஆல் வகுத்தால் மீதி 48. சுட்டியில் 12-9-48 என்று போகும். ஒருவர் 9-ஐ 30 என்று திருத்தி நாளை நீட்டிக்கப் பார்த்தால், சர்வர் மறுபடி கணக்கிடும்: 444 + 1590 = 2034; மீதி 94. வந்ததோ 48. கதவு திறக்காது. மட்டு எண்கணிதத்தை எதற்குப் படிக்கிறோம் என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

நான் சொன்னது பொம்மைக் கணக்கு; நான்கைந்து சுட்டிகளைச் சேர்த்துவைத்தால் கெட்டிக்கார மாணவர் இரகசிய எண்களைக் கண்டுபிடித்துவிடுவார். உண்மையில் ஷா-256 போன்ற ஹாஷ் சார்புகளைப் பயன்படுத்துகிறார்கள். 2001-ல் வெளியான அது எவ்வளவு நீண்ட செய்தியையும் 256 பிட்டாகச் சுருக்கும்; ஓர் எழுத்து மாறினாலும் விடையில் ஏறக்குறைய பாதிப் பிட்டுகள் மாறிவிடும்; விடையிலிருந்து பின்னோக்கிப் போக யாருக்கும் வழி தெரியாது.

இன்னும் ஒரு சிறு சங்கடம் உண்டு. நிரல் நூல் கடிதத்தை அனுப்பிவிட்டது. 'அனுப்பியாயிற்று' என்று பட்டியலில் குறிப்பதற்குள் மின்சாரம் போய்விட்டது. மறுபடி இயங்கும்போது அது இரண்டாம் முறையும் அனுப்பும். முதலில் குறித்துவிட்டுப் பிறகு அனுப்பலாமே என்றால், இடையில் மின்சாரம் போனால் கடிதம் போகவே போகாது. பட்டியலோ போனதாகச் சொல்லும். இரண்டு தவறுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும். இலவச நூல் இரண்டுமுறை வந்தால் யாருக்கும் நட்டமில்லை. வராமல் போனால் ஒரு மாணவர் காத்திருப்பார். ஆகவே அனுப்பிவிட்டுக் குறிப்பதே இங்கு பொருத்தம். வங்கியில் பணம் அனுப்பும் நிரலை எழுதுபவர் இப்படி முடிவு செய்ய முடியாது.

இலவசம் என்றாலும் நீங்கள் ஒன்றைக் கொடுக்கிறீர்கள்: உங்கள் முகவரி. சில மடல்களில் ஒரு புள்ளி அளவே உள்ள படம் ஒளிந்திருக்கும். கடிதத்தைத் திறந்ததும் அந்தப் படத்தைக் கேட்டு உங்கள் கைபேசி சர்வருக்குப் போகும். எப்போது திறந்தீர்கள் என்பது அங்கே பதிவாகும். இந்தியாவில் 2023-ல் இயற்றப்பட்ட எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. அந்த மாணவி சித்தப்பாவிடம் கேட்டு அவர் முகவரியைக் கொடுத்ததில் தவறில்லை. நீங்களும் எந்தக் கட்டத்திலும் முகவரி எழுதுமுன் வீட்டில் ஒரு வார்த்தை கேளுங்கள். மடலின் அடியில் விலகுவதற்கான சுட்டி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

செய்து பாருங்கள்

வீட்டுப் பெரியவரின் அனுமதியோடு, கணிப்பொறியில் ஏதேனும் ஒரு மடலைத் திறந்து, பட்டியில் உள்ள 'அசல் செய்தியைக் காட்டு' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அழகான கடிதம் மறைந்து, வரிவரியாக எழுத்துகள் தோன்றும். அதில் 'பெறப்பட்டது' என்ற பொருளுள்ள ஆங்கிலச் சொல்லில் தொடங்கும் வரிகள் சில இருக்கும். கடிதத்தை வாங்கிய ஒவ்வொரு கணிப்பொறியும் தன் வரியை மேலே சேர்த்துக்கொண்டே போகும். ஆகவே கீழிருந்து மேலாகப் படிக்கவேண்டும். ஒவ்வொன்றின் இறுதியிலும் நேரம். +0530 என்றிருந்தால் இந்திய நேரம். -0700 என்றிருந்தால் அமெரிக்க மேற்குக் கரை நேரமாக இருக்கலாம். எல்லாவற்றையும் ஒரே நேரத்துக்கு மாற்றி, அடுத்தடுத்த வரிகளைக் கழித்தால், எந்தக் கணிப்பொறியில் கடிதம் எவ்வளவு நேரம் தங்கியது என்று தெரியும். பெரும்பாலும் ஓரிரு நொடிதான்.

சில சமயம் விடை எதிர்க்குறியில் வரும். கடிதம் புறப்படுவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டதுபோல. பயப்படவேண்டாம். இயற்பியல் விதி எதுவும் உடைந்துவிடவில்லை. இரண்டு கணிப்பொறிகளின் கடிகாரங்கள் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான்.